‘இன்ஜின் போச்சு’ என்றால் எது போச்சு?

புளியரை எஸ் வளைவில் ஒரு பழைய லாரி கல் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் ஊர்ந்து ஏறும். பின்னால் புகை மண்டினால் போதும், பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள்: “இன்ஜின் போச்சு.” அந்தப் பேச்சு ஓனர் காதுக்குப் போய்ச் சேரும்போது “ஃபுல் இன்ஜின் வேலை” என்று ஆகியிருக்கும். செங்கோட்டை, தென்காசி, பாவூர்சத்திரம் பக்கம் ஒன்றோ இரண்டோ லாரியை வைத்துக்கொண்டு கேரளாவுக்கு லோடு அடித்துப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு, இன்ஜினை முழுசாகப் பிரித்துச் செய்கிற ஃபுல் வேலை என்பது வீட்டு நகை அடகுக்குப் போகிற செலவு. ஒரு ஹோஸ் பைப்பையோ, டீசலைப் பீய்ச்சும் நாசிலையோ மாற்றினால் தீர்கிற கோளாறுக்காக அந்தச் செலவு நடப்பதைப் பார்த்தால் மனசு பொறுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வண்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஓனருக்கும் டிரைவருக்கும் தெரிந்திருந்தால், பட்டறையில் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

நான் இங்கே சொல்வது கம்ப்யூட்டர் இல்லாத, நாசிலுக்கு டீசலை மெக்கானிக்கல் பம்ப் அழுத்தி அனுப்பும் பழைய இன்ஜின்களைப் பற்றி. டாடா 697, 497, லேலண்ட் இன்ஜின்களில் பழையவை எல்லாம் இந்த வகை.

டீசல் எப்படித் தீப்பிடிக்கிறது

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கைப்பம்பு எல்லோருக்கும் தெரியும். நாலு தடவை வேகமாக அடித்துவிட்டு அதன் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். காற்றைச் சின்ன இடத்தில் போட்டு அமுக்கினால் அது சூடாகும், அவ்வளவுதான் விஷயம். டீசல் இன்ஜின் முழுக்க நம்பியிருப்பது இந்த ஒன்றைத்தான். பெட்ரோல் வண்டியில் இருப்பதுபோல இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. காற்றின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்த நேரத்தில் டீசலைப் பொடித் தூறலாகப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய இன்ஜினிலிருந்து இன்றைய லாரி வரைக்கும் அடிப்படை இதுதான்.

அந்தக் கைப்பம்பின் உள்ளே ஒரு தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்து சுருங்கிவிட்டால் கைப்பிடி லேசாக இறங்கும், ஆனால் டயருக்குக் காற்று போகாது. இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் மறுபடியும் பிடிக்கும். லாரி இன்ஜினிலும் இதே உறுப்புகள்தான். உள்ளே ஏறி இறங்குவது பிஸ்டன். அது ஓடுகிற குழாய் லைனர், பட்டறைப் பேச்சில் ஸ்லீவ். வாஷர் செய்கிற வேலையைச் செய்வது பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங்குகள். பெரும்பாலும் ஒரு பிஸ்டனுக்கு மூன்று ரிங்: மேலே இரண்டு காற்றை அடைக்க, கீழே ஒன்று சுவரில் உள்ள ஆயிலை வழித்து இறக்க. காற்று அமுங்கி நிற்கும் அந்த அழுத்தத்துக்குத்தான் கம்ப்ரஷன் என்று பெயர்.

ஆக, இன்ஜின் இழுக்க மூன்று வேண்டும். போதுமான காற்று, சரியான அளவில் சரியான நேரத்தில் டீசல், ஒழுகாத கம்ப்ரஷன். முதல் இரண்டும் இன்ஜினுக்கு வெளியே இருப்பவை. அவற்றைச் சரிபார்க்க இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. மூன்றாவது கெட்டால்தான் உள்ளே கை வைக்கும் பேச்சே வர வேண்டும்.

மீட்டர் காட்டாத ஓட்டம்

“ஆறு லட்சம் ஓடிய வண்டி, இனி என்ன இருக்கும்?” என்பார்கள். மீட்டரில் உள்ள கிலோமீட்டர் டயர் உருண்ட தூரம். ரிங் உரசிய தூரம் வேறு.

697 இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர் (பிஸ்டன் ஓடும் அறை), துளையின் விட்டம் 97 மில்லிமீட்டர், பிஸ்டன் ஒரு பக்கம் போகும் தூரம் 128 மில்லிமீட்டர். ஏறி இறங்கினால் 256. நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் ஒவ்வொரு ரிங்கும் லைனரில் உரசுவது 512 மீட்டர். டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற லாரி அந்த ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் கடந்திருக்கும். அதே 2000 சுற்றில் மலையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிற லாரிக்கு ஒரு கிலோமீட்டர் கடக்க நாலு நிமிடம் ஆகும். ரிங் உரசியிருப்பது இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அதுவும் முழு லோடில், முழுச் சூட்டில்.

திருநெல்வேலி, மதுரை என்று சமவெளியிலேயே ஓடின ஆறு லட்சமும், ஆரியங்காவு, தென்மலை என்று தினம் மலை ஏறின மூன்று லட்சமும் மீட்டரைப் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும். இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால் மூன்று லட்சம்தான் அதிகம் தேய்ந்திருக்கலாம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் மீட்டரைவிட, அந்த வண்டி எந்த ரோட்டில் என்ன லோடு அடித்தது என்று விசாரிப்பது நல்லது.

தேய்மானம் எந்த இடத்தில்

லைனர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேயாது. பிஸ்டன் உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று திரும்புகிற இடத்தில்தான் தேய்மானம் அதிகம். ரிங் நகரும்போது ஆயில் படலத்தின்மேல் மிதந்துகொண்டு போகிறது. நிற்கும் கணத்தில் அந்தப் படலம் மெலிகிறது. டீசல் எரிந்து அழுத்தமும் சூடும் உச்சத்தில் இருப்பதும் அங்கேதான்.

மேல் மூடியான ஹெட்டைக் கழற்றி வைத்த இன்ஜின் எங்காவது கண்ணில் பட்டால், மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு லைனரின் உள்சுவரில் விரல் நகத்தை வைத்துக் கீழிருந்து மேலே மெதுவாக இழுத்துப் பாருங்கள். விளிம்புக்கு ஒரு விரல்கடை கீழே வரும்போது நகம் ஒரு படியில் இடித்து நிற்கும். அந்தப் படிக்கு மேலே ரிங் ஒருபோதும் தொடாத பழைய சுவர், கீழே தேய்ந்த சுவர். நகம் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போய், சுவரில் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த மெல்லிய கோடுகளும் தெரிந்தால் அந்த லைனருக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. அந்தக் கோடுகள் கீறல் இல்லை. ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகவே ஹோனிங் என்ற வேலையில் போட்டவை. கண்ணாடிபோல மினுமினுக்கிற லைனர் நல்ல லைனர் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கோடுகள் அழிந்ததால்தான் அந்த மினுமினுப்பு.

இந்தப் படியை மனதில் வையுங்கள். “ரிங் மட்டும் மாத்திடலாம் அண்ணாச்சி, செலவு கம்மி” என்று யாராவது சொல்லும்போது இது தேவைப்படும். பழைய ரிங் அந்தப் படிக்கு ஏற்றபடி தேய்ந்து பழகியது. புது ரிங்கின் கூர்மையான விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் அதில் போய் முட்டும், சில சமயம் உடையும். படி இருந்தால் வெறும் ரிங் மாற்றுவது வீண்.

புகையின் நிறம் சொல்வது

கறுப்புப் புகை என்றால் எரியாத கரி. டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. ரிங்குக்கும் இதற்கும் பெரும்பாலும் நேரடித் தொடர்பு இல்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸில் வெடிப்பு இருக்கும், அல்லது கிளிப் தளர்ந்திருக்கும். நாசில் தூறலாகப் பீய்ச்சாமல் சொட்டுச் சொட்டாக விடும். இதில் எதுவுமே இல்லையென்றால் பம்பில் யாரோ டீசலை ஏற்றி வைத்திருப்பார்கள். மலை ஏறும்போது இழுவை வேண்டும் என்று பம்பின் சீல் முத்திரையை உடைத்து ஸ்க்ரூவைத் திருப்புவது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. கொஞ்சம் இழுவை கூடும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் காற்றால் எரிக்க முடியாத டீசல் சுவரில் படிந்து ஆயில் படலத்தைக் கழுவி, கீழே ஆயில் தங்கும் ஆயில் பேனில் இறங்கும். புகைபோக்கிச் சூடு ஏறி பிஸ்டன் தலையில் வெடிப்பு விழும். இன்று வாங்குகிற இழுவைக்கு நாளைக்கு லைனர் கொடுக்க வேண்டியிருக்கும். இதைச் செய்து கொடுக்கிறவர்களிடம் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இங்கேயும் உடனே ரிங்கின் மேல் பழி போட வேண்டாம். ஆயில் உள்ளே போக மூன்று வழி உண்டு: ரிங் வழியே கீழிருந்து, காற்றும் புகையும் போய்வரத் திறந்து மூடும் வால்வு ஓடுகிற கைடு வழியே மேலிருந்து, டர்போவின் சீல் வழியே பக்கத்திலிருந்து. டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் தேங்கி நின்றால் முதலில் பார்க்க வேண்டியது டர்போவை. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வந்து மறுபடி மிதிக்கும்போது மட்டும் ஒரு குப்பென்று நீலப் புகை வந்தால் வால்வு பக்கம் சந்தேகப்படலாம்.

வெள்ளைப் புகைக்கு இரண்டு அர்த்தம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வந்து, சூடானதும் நின்றுவிட்டால் அது பற்றிக்கொள்ளாமல் வெளியேறும் டீசல். சாரல் காலத்துக் குளிரில் கொஞ்சம் வருவது இயல்பு. நீண்ட நேரம் நிற்காமல் வந்தால் கம்ப்ரஷன் குறைந்து காற்று போதுமான அளவு சூடாகவில்லை என்று பொருள். சூடான பிறகும் வெள்ளையாக வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டையோ ஹெட்டில் வெடிப்பையோ பார்க்க வேண்டும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டவே கூடாது. தண்ணீர் கலந்த ஆயில், சுற்றும் தண்டைத் தாங்கும் பேரிங்கைக் காப்பாற்றாது.

சுருக்கமாக: கறுப்பு என்றால் காற்றும் டீசலும், நீலம் என்றால் ஆயில், வெள்ளை என்றால் குளிர் அல்லது தண்ணீர். இவற்றில் இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டியவை சில மட்டுமே.

பேக் கம்ப்ரஷன் பார்ப்பது

ரிங் அடைக்காமல் விட்ட காற்று கீழே ஆயில் இருக்கும் அறைக்குப் போகும். அங்கிருந்து வெளியேற ஒரு குழாய் வைத்திருப்பார்கள், அது பிரீதர். அதன் வழியே வரும் காற்றைத்தான் பட்டறையில் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடவிட்டு) ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் வாயிலேயே தளர்வாக வைத்தால், ரிங் மோசமான இன்ஜினில் மூடி குதித்துத் தள்ளப்படும். கொஞ்சம் ஆவி வருவது எல்லாப் பழைய இன்ஜினிலும் உண்டு. அதை வைத்துப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. ஏர் பிரேக் வைத்த லாரியில் காற்றை டாங்கிக்கு அடிக்கிற கம்ப்ரசர் இன்ஜினோடு சேர்ந்தே இருக்கும். அதற்கும் பிஸ்டன் உண்டு, ரிங் உண்டு, இன்ஜின் ஆயில்தான் அதற்கும். அந்தச் சின்ன ரிங் தேய்ந்தால் அது தள்ளும் காற்றும் ஆயில் திரும்பும் வழியாக இன்ஜின் அறைக்குத்தான் வந்து சேரும். பார்ப்பவருக்கு இன்ஜின் ரிங் போனது போலவே தெரியும். டாங்கியில் காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது பிரீதரைப் பாருங்கள். டாங்கி நிரம்பி ‘புஸ்’ என்று விட்டபிறகு மறுபடி பாருங்கள். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் தெரிந்தால் கோளாறு கம்ப்ரசரில். அதைச் சரிசெய்கிற செலவை ஃபுல் வேலைச் செலவோடு ஒப்பிடவே முடியாது.

ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பிக் கிடக்கிறதா என்று பார்க்க மெக்கானிக் ஐடிலில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்துவார். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் சத்தம் உடனே தடுமாறும். எதைத் தளர்த்தும்போது வித்தியாசமே தெரியவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் நோயாளி. அதன் நாசிலை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தால், கோளாறு நாசிலோடு போகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். இது பழைய பம்ப் இன்ஜினுக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் வைத்த புதிய காமன் ரெயில் வண்டியில் 1000 பாருக்கும் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல ஆயிரம் மடங்கு) மேல்கூட அழுத்தம் ஏறும்; அதில் நட்டைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பழைய வண்டியிலும் நாசில் வாய்க்கு நேராகக் கை வைக்கவே கூடாது.

டாப்பெட் சத்தம்

டாப்பெட் என்பது வால்வைத் தள்ளும் அமைப்பில் வேண்டுமென்றே விடுகிற மெல்லிய இடைவெளி. அது கூடினால் கடகடவென்று சத்தம் வரும், எல்லோரும் கவனிப்பார்கள். குறைந்தால் சத்தமே வராது. வால்வும் அது உட்காரும் சீட்டும் தேயத்தேய வால்வு ஹெட்டுக்குள் ஏறி, இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் வால்வு முழுசாக மூடாது. அந்த வழியே சுடுகாற்று ஒழுகி வால்வின் விளிம்பைத் தின்றுவிடும். சத்தம் அடங்கின பழைய இன்ஜினில் இழுவையும் குறைந்திருந்தால், வேறு எதையும் பிரிப்பதற்கு முன் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து டாப்பெட்டைப் பாருங்கள். அளவு அந்த இன்ஜினின் புத்தகத்தில் இருக்கும், பக்கத்து வண்டியின் அளவு ஆகாது.

தண்ணீரும் தெர்மோஸ்டாட்டும்

“இன்ஜின் எவ்வளவு குளிர்ச்சியா இருக்கோ அவ்வளவு நல்லது” என்று நினைத்துத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிகிற வழக்கம் மலைப் பாதை வண்டிகளில் அதிகம். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் ஒரு வால்வு. இன்ஜின் 80 முதல் 90 டிகிரியில் வேலை செய்யும்படி கட்டப்பட்டது. அதற்குக் கீழே குளிராக ஓடினால் எரிந்த வாயுவில் உள்ள நீராவி லைனர் சுவரில் வியர்த்துவிடும். டீசலில் உள்ள கந்தகம் அந்த ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். 2020 ஏப்ரல் முதல் வரும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 10 பங்கு) என்பதால் அமிலத் தொல்லை குறைந்திருக்கிறது. ஆனாலும் அரைகுறையாக எரிந்த டீசல் ஆயிலில் இறங்குவதும், ஆயில் களியாவதும், ரிங் கரியில் ஒட்டிக்கொள்வதும் மாறவில்லை. ஒட்டிய ரிங் தேய்ந்த ரிங்கைப் போலவே ஒழுகும்.

மலையில் சூடு ஏறுகிறது என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. வைக்கோல் லோடு அடிக்கிற வண்டியின் ரேடியேட்டரை இன்ஜின் பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவிப் பாருங்கள், எவ்வளவு சக்கை வருகிறது என்று. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் போயிருக்கலாம். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் நிற்கிறது. எல்லாவற்றையும்விட, போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படிந்திருக்கும். அந்தப் படிவு சூட்டை வெளியே விடாது. கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். லைனர் நேராகத் தண்ணீரில் நிற்கும் வகை இன்ஜினாக இருந்தால் கூலன்ட் இல்லாமல் வெளிச்சுவரில் குழி விழுந்து ஓட்டையே ஆகும்.

தூசி

கல், எம்-சாண்ட் லோடு ஏற்றும் குவாரிக்குள் போகும் வண்டிக்கு மிகப் பெரிய எதிரி தூசி. கல்தூசி லைனரைவிடக் கடினமானது. ஏர் ஃபில்டரை மாற்றுகிறவர்கள்கூட அதற்கு அப்புறம் உள்ள ஹோஸைப் பார்ப்பதில்லை. அதில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தால் ஃபில்டர் இருந்தும் இல்லாததுபோலத்தான். ஃபில்டர் காகிதத்தைக் கம்ப்ரசர் காற்றால் கிட்ட வைத்து ஊதாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும்.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால்

எல்லாம் பார்த்தாயிற்று; மூடி குதிக்கிறது, கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, ஆயில் குடிக்கிறது, காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. சரி, பிரிக்கலாம். அப்போதும் பாதி வேலையா முழு வேலையா என்பதை அளவு சொல்ல வேண்டும், வாய் சொல்லக் கூடாது. லைனரை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்கும் போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். லைனர் வட்டமாகவே தேயாது, பிஸ்டன் சாயும் பக்கம் நீள்வட்டமாகும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கையும் அப்படியே அளக்கச் சொல்லுங்கள். சூடான இன்ஜினில் ஐடிலில் ஆயில் பிரஷர் நன்றாக நின்றிருந்தால் பேரிங் பெரும்பாலும் பிழைத்திருக்கும். கிராங்க் சாணை பிடிக்க வேண்டியிருக்காது. அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல லேத்காரர் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார்.

இன்ஜின் இறங்கியிருக்கும்போதே பம்பும் நாசிலும் டெஸ்ட்டுக்குப் போய் வந்துவிட வேண்டும். சொட்டுகிற பழைய நாசிலைப் புது லைனரின் மேல் வைத்தால் புது ரிங் உட்காருவதற்குள் ஆயில் படலம் கழுவப்பட்டுவிடும்.

புது ரிங் உட்காருவது என்றால், அதன் விளிம்பும் ஹோனிங் கோடுகளும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்துவது. அதற்கு அழுத்தம் வேண்டும். பட்டறை வாசலில் மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிட்டால் ரிங் உட்காராது, லைனர்தான் மினுமினுக்கும். முதல் சில நடைக்குச் சமவெளியில் பாதி லோடு ஏற்றி, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். பெரிய கியரில் இன்ஜின் திணறவும் விட வேண்டாம், முழு லோடில் மலையும் வேண்டாம். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள், அதில்தான் இரும்புத் துகள் எல்லாம் இருக்கும். சில இன்ஜின்களுக்கு ஒருமுறை சூடாகி ஆறின பிறகு ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்கவும் வேண்டும், புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தினம் காலையில் டிப் ஸ்டிக் பார்த்துக் குறித்து வாருங்கள். ஆரம்பத்தில் ஆயில் கொஞ்சம் குறையும், பிறகு குறைவது நிற்கும். நிற்காவிட்டால், லைனர் அளவு எழுதி வாங்கிய தாளோடு பட்டறைக்குப் போய் முதலில் பிரீதரைப் பார்க்கச் சொல்லுங்கள்.